அன்னபூர்ணா சர்க்யூட்டுக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா போறதப் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

நாங்க டெல்லில மயூர் விஹார்ல இருக்கோம், அக்டோபர்ல லீவு போட்டு நேபாள்ல அன்னபூர்ணா சர்க்யூட் நடந்துட்டு வந்தோம். வந்ததுல இருந்து ஆபீஸ்ல, அபார்ட்மென்ட்ல, ஆர்.கே.புரம் மலை மந்திர்ல பாக்கறவங்க, ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லாரும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிடறேன். எழுதறது நான், என் வீட்டுக்காரரு படிச்சுப் பாத்து திருத்தினாரு.

அது எங்க இருக்கு, எவ்ளோ தூரம்?

நேபாள்ல அன்னபூர்ணா மலைக்கூட்டத்த ஒரு சுத்து சுத்தி வர்ற பாதை. கெழக்குப் பக்கம் மர்ஸ்யாங்டி ஆத்த ஒட்டி ஏறிக்கிட்டே போய், தொரோங் லாங்கற கணவாயத் தாண்டி, மேக்கால காளி கண்டகி பள்ளத்தாக்குல எறங்கணும். கணவாய் 5416 மீட்டர். நம்ம தமிழ்நாட்டுல பெரிய செகரம் தொட்டபெட்டா 2637 மீட்டர்தான், இந்தப் பாதைல நாங்க மொத நாள் ராத்திரி தூங்கின சாமேங்கற ஊரே அந்த உயரத்துல இருக்கு, அதுக்கு மேலதான் எல்லாமே.

முன்னாடி முழு சுத்தும் 200 கிலோமீட்டருக்கு மேல நடப்பாங்க, இப்ப ரெண்டு பக்கமும் ஜீப் ரோடு வந்துடுச்சு, அதனால எங்க ஆரம்பிக்கணும் எங்க முடிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். நாங்க பேசிசஹார்ல இருந்து தாராபானி வரைக்கும் ஜீப், அங்க இருந்து கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கற காக்பேனி வரைக்கும் நடை, மொத்தம் 12 நாள். ரோடு மேல நடக்கறது எரிச்சலா இருக்கும், தூசி, ஜீப் ஹார்ன். செவப்பு வெள்ளப் பட்ட பெயின்ட் அடிச்ச மாற்றுப் பாதைங்க இருக்கு, அதப் பாத்துக்கிட்டே போனீங்கன்னா பெரும்பாலும் ரோட்டத் தவிர்க்கலாம்.

டெல்லில இருந்து எப்படிப் போறது? பாஸ்போர்ட் வேணுமா?

விசா வேணாம். பிளைட்ல போனா பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி, ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா வேணும், ஆதார் செல்லாது, இது தெரியாம ஏர்போர்ட் வரைக்கும் போய் திரும்பினவங்கள எனக்கே தெரியும். காத்மாண்டு போக ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆயிடும். காசு மிச்சம் பண்ணணும்னா ட்ரெயின்ல கோரக்பூர் போய், சுனௌலி பார்டர் தாண்டி பஸ் புடிக்கலாம், ஆனா அந்தக் களைப்போட நடக்க ஆரம்பிக்காதீங்க, ஒரு நாள் எங்கயாவது தங்கி தூங்கி எந்திரிச்சுட்டுப் போங்க.

அன்னபூர்ணா ஏரியாவுக்கு ஒரு பர்மிட் எடுக்கணும், நம்மள மாதிரி சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரங்களுக்கு 1000 நேபாள ரூபா, மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு 3000. நம்ம 100 ரூபா அங்க 160 ரூபா, இது மாறாது. காச கீழயே எடுத்து வச்சுக்கோங்க, மேல கார்டு ஏடிஎம்ன்னு நம்பிப் போகாதீங்க.

டெல்லி சமவெளி ஆச்சே, எப்படி ட்ரெயின் பண்ணீங்க?

படிக்கட்டுதான். எங்க ஃப்ளாட் நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஜூன்ல இருந்து லிஃப்ட்ட விட்டுட்டோம். ஜூலைல இருந்து பேக்ல தண்ணி பாட்டில் போட்டு, மொதல்ல 4 கிலோ, அப்புறம் 7, அப்புறம் 9 கிலோன்னு ஏத்தி காலைல அரை மணி நேரம் ஏறி எறங்குவோம், வாட்ச்மேன் பையா எங்களுக்காக மொட்டை மாடிக் கதவ அஞ்சரைக்கே தெறந்து வைப்பாரு. ஞாயித்துக்கிழமை சஞ்சய் வன்ல ரெண்டு மூணு மணி நேரம் நடை. செப்டம்பர்ல ஒரு தடவ உத்தராகண்ட்ல நாக் டிப்பா போனோம், அது 3022 மீட்டர், ஷூ எங்க கடிக்குது பேக் பட்டை எங்க உரசுதுன்னு அங்கதான் தெரிஞ்சுது. புது ஷூவ நேரா நேபாளுக்குப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க, ப்ளீஸ்.

ஏர்றதுக்குத்தான் எல்லாரும் பயிற்சி பண்றாங்க, எறங்கறதுக்கும் பண்ணுங்க. கணவாயத் தாண்டின அன்னிக்கு ஒரே மூச்சுல 1600 மீட்டருக்கு மேல எறங்கணும், முட்டிக்கு அன்னிக்குத்தான் பரீட்சை. வாக்கிங் ஸ்டிக் ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க, ஒண்ணு போதாது.

எந்த மாசம் போகலாம்?

அக்டோபர் நவம்பர், இல்லன்னா மார்ச் ஏப்ரல். நாம மழைக்காலம் முடிஞ்சுடுச்சுன்னு நிம்மதியா கெளம்புவோம், ஆனா வங்காள விரிகுடாவுல புயல் சீசன் அப்பதான் ஆரம்பிக்குது. 2014 அக்டோபர்ல விசாகப்பட்டினத்துல கரை ஏறின ஹுட்ஹுட் புயல், ரெண்டு நாள் கழிச்சு இதே தொரோங் லாவுலயும் சுத்தியிருக்கற மலைகள்லயும் பனிப்புயலா கொட்டுச்சு, 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. கடலுக்கும் அந்த மலைக்கும் இவ்ளோ தூரம் இருக்கேன்னு நெனச்சா அப்படி இல்ல. நாங்க தெனமும் ராத்திரி லாட்ஜ் வைஃபைல வானிலை பாக்கறப்ப நேபாள் மட்டும் பாக்காம வங்கக் கடல்ல ஏதாவது சுத்துதான்னும் பாத்தோம், சென்னைல இருந்து என் தம்பியும் பாத்து மெசேஜ் போடுவான், நம்ம ஊர்க்காரங்களுக்கு இது பழக்கம்தானே.

கைடு வேணுமா, ரெண்டு பேரே போகலாமா?

வெளிநாட்டு ட்ரெக்கர்ஸுக்கு கைடு கட்டாயம்னு 2023ல அறிவிச்சாங்க. ரூல் எப்படி இருந்தாலும் நான் கைடு வச்சுக்கோங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்குக் காரணம் வழி தெரியறது இல்ல, வழி சுலபம்தான். ரெண்டு பேர் மட்டும் போனா ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் பயத்துல சரியா யோசிக்க முடியாது, அப்ப மூணாவதா ஒரு ஆளு, அந்த மலைய தெரிஞ்ச ஆளு வேணும். எங்க கூட வந்தது லம்ஜுங் பக்கத்து குருங் இனத்துப் பையன், 26 வயசு, எங்க ரெண்டு பேர் சாமான்லயும் கொஞ்சத்த அவனே சுமந்தான். ஹிந்தி நல்லாப் பேசினான், டெல்லில இருக்கறதால எங்களுக்கு அது பெரிய வசதி. அவனுக்குக் கையுறை, ஜாக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியா இருக்கான்னு கெளம்பறதுக்கு முன்னாடியே பாத்துக்கறது நம்ம பொறுப்பு.

உயரத்துல ஒடம்புக்கு என்ன ஆகும்? உங்களுக்கு ஆச்சா?

ஆச்சு, அவருக்கு. இத முழுசா சொல்றேன்.

5400 மீட்டர்ல ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கற ஆக்சிஜன் கடல் மட்டத்துல கிடைக்கறதுல பாதிதான். ஒடம்பு இதுக்குப் பழகிக்கும், ஆனா நாள் ஆகும். 3000 மீட்டருக்கு மேல போயிட்டா இன்னிக்குத் தூங்கற எடத்த விட நாளைக்குத் தூங்கற எடம் 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளுக்கு ஒரு தடவ ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கணும். பகல்ல மேல ஏறிட்டு கீழ வந்து தூங்கறது நல்லது. இளமை, ஜிம், மாரத்தான் இதெல்லாம் இதுக்கு உதவாது, நல்லா ஓடறவங்கதான் வேகமா ஏறி மாட்டிக்கறாங்க.

எங்க கணக்கு இது. மொத நாள் தாராபானில இருந்து சாமே. அப்புறம் அப்பர் பிசாங், 3300. அங்க இருந்து கீழ் ரோட்ட விட்டுட்டு க்யாரு வழியா ஙாவல், 3660, இந்த மேல் பாதைல எதிர்ல அன்னபூர்ணா II செகரம் முழுசா நிக்கும், க்யாருக்கு ஏர்ற ஏத்தம் உயிர எடுக்கும், ஆனா மொத்த பயணத்துலயும் எனக்குப் புடிச்ச நாள் அதுதான். அடுத்து மனாங், 3540. அங்க ஒரு நாள் ரெஸ்ட். ஆறாவது நாள் யாக் கர்கா, 4050 கிட்ட.

மனாங்லயே அவருக்கு லேசா தலைவலி இருந்திருக்கு, சொல்லல. நான்தான் எப்பவும் பின்னாடி மெதுவா வர்றவ, என்னால லேட் ஆகுதுன்னு நான் வருத்தப்படுவேனேன்னு அவரு தன் தலைவலியப் பத்திப் பேசாம இருந்திருக்காரு. யாக் கர்கால சாயங்காலம் தால் பாத் (பருப்பு சாதம்) தட்ட அப்படியே தள்ளி வச்சாரு. 16 வருஷம் கல்யாணமாகி அவரு சாப்பாட்டத் தள்ளி வச்சு நான் பாத்ததில்ல. ராத்திரி ரெண்டு தடவ வாந்தி, தலை வெடிக்குதுன்னாரு. கைடு தம்பி டார்ச் அடிச்சு ரூம்ல நேர்கோட்டுல குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லிப் பாத்தான், தடுமாறாம நடந்தாரு. தடுமாறியிருந்தா மூளைல நீர் கோக்குதுன்னு அர்த்தம், அந்த நிமிஷமே இருட்டுலயே எறங்கியிருப்போம். சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, எருமல்ல நுரை வருதுன்னாலும் அதே கதைதான், அது நுரையீரல். இந்த ரெண்டுக்கும் எறங்கறதுதான் மருந்து, மாத்திரையும் ஆக்சிஜனும் எறங்கற வரைக்கும் தாங்கறதுக்கு.

விடிஞ்சதும் மனாங்குக்கே திரும்ப எறங்கினோம். 500 மீட்டர்தான் எறக்கம், மத்தியானத்துக்குள்ள சூப் குடிச்சாரு, சாயங்காலம் சிரிச்சாரு. மனாங்ல சீசன்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் ஒரு கிளினிக் நடத்தறாங்க, டாக்டர்ஸ் இருக்காங்க, மத்தியானத்துல உயர நோயப் பத்தி எல்லாருக்கும் கிளாஸ் மாதிரி பேசுவாங்க, மொத தடவ போனப்ப நாங்க ஆப்பிள் பை சாப்பிட உக்காந்துட்டு அதுக்குப் போகல. ரெண்டாவது தடவ போனோம். நீங்க மொத தடவயே போங்க. டாக்டர் பாத்துட்டு இன்னொரு நாள் இருந்துட்டு, தலைவலி சுத்தமா போனா ஏறுங்கன்னு சொன்னாங்க.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போடலாமான்னு எல்லாரும் கேக்கறீங்க. சாதாரணமா தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு குடுப்பாங்க, ஆனா உங்க டாக்டர்கிட்டப் பேசிட்டுத்தான் போடணும், முக்கியமா சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க. விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், அது பரவால்ல. மாத்திரை போட்டா வேகமா ஏறலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

ரெண்டு பேர்ல ஒருத்தர் வேகமா, ஒருத்தர் மெதுவா நடந்தா என்ன பண்றது?

மெதுவா நடக்கறவங்க முன்னாடி போகணும். இவ்ளோதான். நாங்க மொத அஞ்சு நாள் இதுக்கு நேர்மாறா பண்ணோம், அவரு முன்னாடி போய் ஒரு வளைவுல காத்துக்கிட்டு நிப்பாரு, நான் மூச்சு வாங்க வந்து சேந்ததும் போலாமான்னு எந்திரிப்பாரு, அதாவது அவருக்கு ரெஸ்ட் கிடைச்சுடுச்சு, எனக்கு கிடைக்கல. அன்பாத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு, ஆனா பின்னாடி வர்றவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு முன்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியாது. மனாங்ல இருந்து ரெண்டாவது தடவ ஏறினப்ப நான் முன்னாடி, அவரு என் பின்னாடி, கைடு கடைசில. அன்னிக்கு யாக் கர்காவுக்கு அரை மணி நேரம் அதிகமாச்சு, ரெண்டு பேருக்கும் தலைவலி வரல.

இன்னொரு ஒப்பந்தமும் மனாங்ல போட்டோம். காலைல எந்திரிச்சதும் ஒருத்தர ஒருத்தர் நாலு கேள்வி கேக்கணும், தலை வலிக்குதா, ராத்திரி தூங்கினியா, பசிக்குதா, ஒண்ணுக்கு எத்தன தடவ போன. நல்லாருக்கேன்ங்கற பதில் செல்லாது, நாலுக்கும் தனித்தனியா பதில் வரணும். அப்புறம் ரெண்டு பேர்ல யாரு திரும்பலாம்னு சொன்னாலும் திரும்பணும், இன்னொருத்தர் வாதாடக்கூடாது, டிக்கெட் போச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கவும் கூடாது. இத வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டுக் கெளம்புங்க. 4000 மீட்டர்ல இதப் பேச ஆரம்பிச்சா சண்டைதான் வரும்.

சண்டை வந்துச்சா?

வந்துச்சு. பெரும்பாலும் காலைல 11 மணிக்கு, பசில. பேக் மேல் பாக்கெட்ல கடலை மிட்டாய் வச்சுக்கிட்டு பத்தரைக்கே ஆளுக்கு ரெண்டு சாப்பிட ஆரம்பிச்ச பிறகு கொறைஞ்சுடுச்சு.

ஹனிமூனுக்குப் போகலாமா?

ரெண்டு பேரும் ஏற்கனவே மலை ஏர்றவங்களா இருந்தா போங்க. இல்லன்னா வேணாம். தனித்தனி ஒத்தக் கட்டில், நடுவுல ஒரு அடி எடவெளி, பலகைச் சுவர்ல பக்கத்து ரூம் ஆளு பொரண்டு படுக்கறதும் கேக்கும், ராத்திரி மைனஸ்ல போகும், தொப்பி சாக்ஸோட ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போய் ஜிப் போட்டுக்குவீங்க. ஆனா ஒருத்தர் வாந்தி எடுக்கறப்ப இன்னொருத்தர் பக்கெட் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நெருக்கம் வேற எங்கயும் கிடைக்காது, அதையும் சொல்லணும்.

பொண்ணுங்களுக்கு டாய்லெட், பீரியட்ஸ் எல்லாம் எப்படி?

எல்லா லாட்ஜ்லயும் டாய்லெட் இருக்கு, பெரும்பாலும் இந்தியன் டைப், மேல போகப் போக ராத்திரி பக்கெட் தண்ணி ஒறஞ்சிருக்கும். நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் எதுவும் இல்லாத எடங்களும் உண்டு, மறைவாப் பாத்துப் போகணும், தண்ணிக்குப் பக்கத்துல போகாதீங்க, டிஷ்யூவ ஒரு ஜிப் கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. எனக்கு தேதி ஒரு வாரம் முன்னாடியே வந்துடுச்சு, உயரத்துலயும் நடைலயும் அப்படி மாறலாம், அதனால தேதி இல்லன்னாலும் பேட் எடுத்துக்கோங்க, யூஸ் பண்ணத கருப்புக் கவர்ல கட்டி கீழ ஊர் வர்ற வரைக்கும் சுமந்துட்டு வந்தேன், அங்க குப்பைய எடுத்துட்டுப் போக யாரும் இல்ல. வலி மாத்திரையும் வச்சுக்கோங்க. கைடு கிட்ட இன்னிக்கு மெதுவா போலாம்னு சொன்னா போதும், ஏன்னு கேக்க மாட்டாங்க.

வெஜிடேரியன் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமா. தால் பாத் தெனமும் ரெண்டு வேளை சாப்பிடலாம், சாதம், பருப்பு, ஒரு காய், ஊறுகாய், கேக்கக் கேக்க போடுவாங்க. நான் வீட்டுல இருந்து பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் சின்ன டப்பால எடுத்துட்டுப் போனேன், யாக் கர்கா லாட்ஜ் தீதிக்கு (அக்காவுக்கு) புளிக்காய்ச்சல் அவ்ளோ புடிச்சுது, மிச்ச டப்பாவ அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்தேன். மேல பூண்டு சூப் குடிங்க, உயர நோய்க்கு மருந்துன்னு எல்லாரும் சொல்லுவாங்க, மருந்தா இல்லையோ, சூடும் உப்பும் தண்ணியும் உள்ள போகுது. எங்க தங்கறீங்களோ அங்கதான் ராத்திரி சாப்பிடணும், ரூம் வாடகை கம்மியா வைக்கறதே அத நம்பித்தான்.

பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி வாங்காதீங்க. வழில பல ஊர்ல சுத்திகரிச்ச தண்ணி குடுக்கற ஸ்டேஷன் இருக்கு, மத்த எடத்துல குளோரின் மாத்திரை.

கணவாய் தாண்டற நாள் எப்படி இருந்துச்சு?

கணவாய்க்கு அடிவாரத்துல இருக்கற தொரோங் ஃபேதில இருந்து காலைல நாலு மணிக்குக் கெளம்பினோம். பத்து மணிக்கு மேல மேல காத்து மோசமாயிடும், அதனால எல்லாரும் இருட்டுலயே ஏறுவாங்க, முன்னாடியும் பின்னாடியும் ஹெட்லைட் வரிசையா ஏறிக்கிட்டே இருக்கும், பழனில பாத யாத்திரை கூட்டம் போற மாதிரி, ஆனா சத்தமே இல்லாம. மூணு அடி, ஒரு மூச்சு. மூணு அடி, ஒரு மூச்சு. பேக்ல இருந்து உறிஞ்சிக் குடிக்கற தண்ணிக் குழாய் ஒறஞ்சுடுச்சு, பாட்டில்தான் சரி, அதையும் கோட்டுக்குள்ள வச்சுக்கணும். இது உச்சின்னு நெனைப்பீங்க, அது இல்ல, அப்படி நாலஞ்சு தடவ ஆகும். ஒம்போதே காலுக்குப் போய்ச் சேந்தோம், கொடிங்க படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, போர்டு பக்கத்துல அவரு என் கைய எடுத்து தன் ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு, பத்து நிமிஷம் இருந்திருப்போம். அதுக்கு மேல இருக்காதீங்க.

முக்திநாத் திவ்ய தேசம்தானே, தரிசனம் ஆச்சா?

ஆமா, 108ல ஒண்ணு, திருச்சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் பாட்டுக்குப் பாட்டு "சாளக்கிராமம் அடை நெஞ்சே"ன்னு பாடின எடம். என் மாமியார் ஸ்ரீரங்கத்துல இருக்காங்க, நாங்க ட்ரெக்கிங்னு சொன்னப்ப கோவமா இருந்தவங்க அது முக்திநாத் வழியாப் போகுதுன்னு தெரிஞ்சதும் தெனமும் போன் பண்ணி கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. கணவாய் தாண்டி மேல இருந்து எறங்கி வர்றப்ப மொதல்ல தெரியறது கோயில் மரங்கதான், அதுவரைக்கும் மரமே இல்லாத பொட்டல். மறுநாள் காலைல போனோம். கோயிலுக்குப் பின்னாடி 108 தாரைல தண்ணி கொட்டுது, ஐஸ் மாதிரி, அவரு ஒரு ஓட்டமா எல்லாத்துக்கும் கீழ போயிட்டு வந்தாரு, நான் ஒவ்வொண்ணுலயும் தொட்டு தலைல தெளிச்சுக்கிட்டேன். பௌத்தர்களும் அதே மூர்த்திய கும்பிடறாங்க, பூஜைல புத்த பிக்குணிகளும் இருக்காங்க.

அங்க தமிழ்க் குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, கும்பகோணம், மதுரைன்னு டூர் குரூப்ல வந்த பெரியவங்க, பொக்காராவுல இருந்து நேரா ஜீப்லயும் ஜோம்சோம் பிளைட்லயும் வந்தவங்க. நடக்கறவங்களுக்கு உயரத்தப் பத்தி அவ்ளோ எச்சரிக்கை சொல்றோம், ஆனா 70 வயசு அம்மா அப்பாவ 800 மீட்டர்ல இருந்து ஒரே நாள்ல 3700க்கு மேல கொண்டு வர்றோம். கூட்டிட்டு வாங்க, வேணாம்னு சொல்லல, வழில ஜோம்சோம்லயோ மார்ஃபாவுலயோ ஒரு ராத்திரி தங்கவச்சுக் கூட்டிட்டு வாங்க, ஹார்ட், மூச்சுப் பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வாங்க. ஜோம்சோம் பிளைட் காலைல மட்டும்தான், மத்தியானம் பள்ளத்தாக்குல காத்து அடிச்சுத் தள்ளும், ஒரு நாள் ரெண்டு நாள் கேன்சல் ஆனா தாங்கற மாதிரி பிளான் போடுங்க.

பொண்ண யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?

இதத்தான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க, என்கிட்ட மட்டும், அவருகிட்டக் கேக்க மாட்டாங்க. பொண்ணு ஏழாங்கிளாஸ், எங்க அம்மா அப்பா திருச்சில இருந்து வந்து 20 நாள் இருந்தாங்க. சில நாள் சிக்னல் இருக்காது, போன் வரலன்னா பயப்படாத, ரெண்டு நாள் வரைக்கும் அது சாதாரணம், மூணாவது நாள் கைடோட ஆபீஸுக்கு தாத்தா போன் பண்ணுவாருன்னு அவகிட்டப் பேசி எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போனோம். மேப்ல ஒவ்வொரு ஊருக்கும் தேதி போட்டு வச்சிருந்தா. அப்பாவுக்கு முடியல, மனாங்குக்குத் திரும்ப எறங்கிட்டோம்னு சொன்னப்ப ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் "அப்ப யாக் கர்கா தேதிய அழிச்சுட்டு பென்சில்ல எழுதறேன்ம்மா, இனிமே எல்லாத்தையும் பென்சில்லயே எழுதறேன்"னு சொன்னா.